ஆண்டுக்கு ஒரு நூல்

சென்ற ஆண்டு விழாவில் நம் காலனிச் சிறுமி ஒருத்தி மேடையேறி, ஓர் அதிகாரத்துக் குறள் பத்தையும் பிழையின்றி ஒப்பித்தாள். அவையோர் கைதட்டி மகிழ்ந்தனர். பரிசு வழங்கும்போது அவள் கையில் இருந்த காகிதத்தை நாம் பார்க்க நேர்ந்தது. குறள்கள் பத்தும் தேவநாகரி எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. அக்குழந்தையின் நாவில் தமிழ் இருந்தது. கண்ணில் தமிழ் இல்லை. குற்றம் குழந்தையுடையதன்று, அவளைப் பெற்றோருடையதும் அன்று. பிழைப்பின் பொருட்டு வடபுலம் வந்து, அலுவலகத்தில் ஒரு மொழியும் கடைத்தெருவில் ஒரு மொழியும் பேசி, வீட்டுக்குள் நுழைந்த பின்னரே தமிழ் பேசும் நம் அனைவருடைய வீட்டுக் கதையும் அதுவே.

சங்கத்தின் படிப்பறையில் கண்ணாடி அலமாரி ஒன்று உண்டு. சங்க நூல்களும் காப்பியங்களும் அதில் வரிசையாக நிற்கின்றன. ஆண்டுதோறும் சரசுவதி பூசையன்று அவற்றைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மறுநாள் மீண்டும் உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்நிலையை மாற்ற எண்ணி, செயற்குழுவினராகிய நாம் ஓராண்டு வாசிப்புத் திட்டம் ஒன்று வகுத்தோம். திங்களுக்கு ஒரு நூல் வீதம் பன்னிரு நூல்கள். தொல்காப்பியத்தில் தொடங்கிக் கம்பராமாயணத்தில் முடிப்பதாக ஏற்பாடு. முதல் ஞாயிறன்று முப்பது பேர் வந்தனர். எழுத்ததிகாரத்து நூன்மரபைத் தாண்டுவதற்குள் பதினைவராயினர். மூன்றாம் திங்களில் எஞ்சியவர் நால்வர். அந்நால்வரும் செயற்குழுவினரே! தீபாவளிக்கு ஊருக்குச் சென்று திரும்பிய பின், அத்திட்டத்தைப் பற்றி எவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

தோல்வியை மறைப்பதில் பயனில்லை. அது ஏன் நேர்ந்தது என்று ஆராயப் புகுந்தபோது, நம் முன்னோர் பழைய நூல்களை எவ்வாறு வாசித்தனர் என்பதைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. அங்கே கண்டவற்றை இம்மலரின் வாயிலாகச் சங்கத்துக் குடும்பத்தினர் முன் வைக்கிறோம். அதையொட்டி வரும் ஆண்டுக்கு ஒரு திட்டத்தையும் முன்மொழிகிறோம்.

தனியே படித்தலும் கூடிப் படித்தலும்

நூலைக் கையில் ஏந்தித் தனியே அமர்ந்து வாய் திறவாமல் படிப்பது, அச்சுப் புத்தகம் மலிந்த பின்னர்ப் பரவிய வழக்கம். ஏட்டுச் சுவடிக் காலத்தில் ஊருக்கு ஒரு சுவடி கிடைப்பதே அரிது. ஆகவே ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பது இயல்பாயிற்று. இதற்கென அரசரும் ஊராரும் நிவந்தம் அளித்தனர். ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்ம பல்லவனின் கூரம் செப்பேட்டில், அவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவர்க்கென ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் இறைப்பதற்கும் விளக்கெரிப்பதற்கும் செலவு ஒதுக்குவது போல, வாசிப்புக்கும் ஒதுக்கினர்.

இவ்வழக்கம் பிற்காலத்தும் தொடர்ந்தது. திரௌபதியம்மன் கோயில்களில் வில்லிபாரதம் நாள்தோறும் வாசிக்கப்பட்டுப் பொருள் சொல்லப்படும். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணப் படனம் நடைபெறும். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் அதன் பொருளை விரித்துரைப்பார். அதற்குப் பயன் சொல்லுதல் என்று பெயர். ‘பயன்’ என்ற அச்சொல்லையே நாம் சிந்திக்க வேண்டும். பொருள் விளங்காத வாசிப்பு பயனற்றது என்பதை நம் முன்னோர் அச்சொல்லிலேயே பொதிந்து வைத்தனர்.

தமிழகத்துக்கு அப்பாலும் இவ்வழக்கம் சென்றிருக்கிறது. கேரளத்தில் பாலக்காட்டைச் சூழ்ந்த ஊர்களில் பத்திரகாளி கோயில்களை ஒட்டிக் கூத்துமாடங்கள் உண்டு. அங்கே இரவு முழுவதும் தோற்பாவைக் கூத்து நிகழும். அக்கூத்தின் அடிப்படை கம்பராமாயணமே. கம்பன் செய்யுளைச் சொல்லி, மலையாளம் விரவிய உரைநடையில் விளக்கம் கூறுவர். சில கோயில்களில் 21 இரவுகள் தொடரும் இக்கூத்தைப் பார்க்கச் சில இரவுகளில் ஒருவரும் வருவதில்லை. ஆயினும் திரைக்குப் பின்னே விளக்குகளை ஏற்றிப் புலவர்கள் செய்யுளைத் தொடர்கின்றனர். கேட்பவள் தேவி என்பது அவர்கள் நம்பிக்கை. நால்வர்தாமே வருகின்றனர் என்று கூட்டத்தைக் கைவிட்ட நமக்கு இச்செய்தி சிறிது நாணத்தைத் தருகிறது.

கும்பகோணத்தில் ஒரு பூர்த்தி விழா

கூடிப் படித்தலின் பயன் எத்தகையது என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று தமிழ் வரலாற்றில் உண்டு. அதைத் தெரிந்தவரும் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவரும் 1855இல் பிறந்தவருமான உ. வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டு பாடம் கேட்டவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபரில், அந்நகருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். எந்தெந்த நூல்கள் கற்றிருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என்று இளம் ஆசிரியர் பெரும் பட்டியலைச் சொன்னார். முதலியார் வியப்படையவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டுச் சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றின் பெயர்களைச் சொன்னார். அவற்றை ஐயர் படித்ததில்லை. அக்காலத்தில் தமிழ் கற்ற பேரறிஞர் பலருக்கும் அந்நூல்கள் எட்டாதவையாகவே இருந்தன.

முதலியார் சிந்தாமணிச் சுவடி ஒன்றைக் கொடுத்தார். இருவரும் வாரந்தோறும் கூடிப் படிக்கத் தொடங்கினர். நூலின் சுவடி கிடைத்தது. நச்சினார்க்கினியர் உரையும் கிடைத்தது. ஆனால் கதையின் போக்கும் சமணக் கலைச்சொற்களும் இருவருக்கும் இடர் செய்தன. ஏடு கையில் இருந்தும் பொருள் கையில் இல்லை.

பொருள் இருந்த இடம் அடுத்த தெருவிலேயே இருந்தது. கும்பகோணத்தில் வாழும் சமணர்கள் சிந்தாமணியைப் போற்றிப் படிப்பவர் என்று கேள்வியுற்று, ஐயர் அவர்கள் வீதிக்குச் சென்றார். சமணச் செல்வர் ஒருவர் வீட்டு வாயிலில் கோலமும் தோரணமுமாக விழாக்கோலம் பூண்டிருந்தது. என்ன விசேடம் என்று கேட்டபோது, அன்றுதான் சிந்தாமணி வாசிப்பு பூர்த்தியாயிற்று என்று விடை வந்தது! பல நாளாகக் கூடியிருந்து அந்நூலை முதலிலிருந்து முடிவு வரை படித்து, முடித்த நாளைத் திருநாளாகக் கொண்டாடிக்கொண்டிருந்தனர் அக்குடும்பத்தார். வித்துவான்களுக்கு எட்டாத நூல் ஒரு வணிகர் வீட்டுக் கூடத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது.

அவர்களிடம் ஐயர் ஐயம் கேட்டார். அவருக்குப் பெருமலையாகத் தோன்றியவை அவர்களுக்கு நாள்தோறும் புழங்கிய சொற்களாக இருந்தன. சமணர் சொல்லச் சைவராகிய ஐயர் கேட்டுத் தெளிந்தார். அதன் பின் பல சுவடிகளை ஒப்புநோக்கி, முன்பணம் தரும் கையொப்பக்காரர்களைத் திரட்டி, 13 இலம்பகங்கள் கொண்ட அப்பெருநூலை உரையுடன் 1887இல் அச்சேற்றினார். அதனைத் தொடர்ந்து பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவர் கையால் அச்சு வடிவம் பெற்றன. அவருக்கு முன்னோடியாக யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும் வெளியிட்டமை தமிழர் மறக்கலாகாத தொண்டு.

இவ்வரலாற்றில் பதிப்பாசிரியரின் உழைப்பை எல்லாரும் புகழ்கின்றனர், அது தகும். ஆயினும் அந்தக் கோலமிட்ட வாயிலை நாம் மறந்துவிடுகிறோம். ஏடு எழுத்தைக் காத்தது. அவ்வீட்டாரின் வாசிப்பு பொருளைக் காத்தது.

ஐந்து காப்பியங்கள் கூறும் பாடம்

ஐம்பெருங் காப்பியங்கள் என்று நாம் எண்ணிச் சொல்லும் ஐந்தின் வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இக்கருத்து இன்னும் விளங்கும். சிந்தாமணிக்கு அதை ஓதும் குடும்பங்கள் இருந்தன. ஆகவே பொருள் தெரிந்தவர் அகப்பட்டனர். மணிமேகலைக்கு அவ்வாறு இல்லை. பௌத்தக் காப்பியமாகிய அதனை ஓதும் பௌத்தக் குடும்பங்கள் தமிழகத்தில் அப்போது இல்லை. பௌத்த நூற் கருத்துக்களைத் தெரிந்துகொள்ள, ஆங்கிலத்தில் அச்சமய நூல்களைக் கற்ற மளூர் ரங்காசாரியரை ஐயர் நாட வேண்டியிருந்தது. நம் மொழியில் நம் நாட்டில் பிறந்த காப்பியத்தின் பொருளை வேற்று மொழி நூல்களின் வழியாகச் சுற்றி வந்து அறிய நேர்ந்தது! வளையாபதியும் குண்டலகேசியுமோ இன்று முழு வடிவில் இல்லை. உரையாசிரியர்களும் தொகுப்பாளர்களும் எடுத்தாண்ட சில செய்யுள்களே எஞ்சின. அழிவுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். படிப்பார் அற்றுப் போவது அவற்றுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

ஏனெனில் பனையோலைக்கு ஆயுள் சிறிது. செல்லும் ஈரமும் இராமபாணப் பூச்சியும் அதைத் தின்னும். பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுத்துக்கொண்டே இருந்தால்தான் நூல் அடுத்த தலைமுறையைச் சேரும். படிப்பவர் இல்லாத நூலைப் படியெடுப்பவர் யார்? பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் மறைந்தன. எழுபது பாடல்கள் கொண்டதாகச் சொல்லப்படும் பரிபாடலில் முழுமையாகக் கிடைத்தவை 22 மட்டுமே. புறநானூற்றில் 267, 268ஆம் எண்களில் இடம் மட்டுமே இருக்கிறது, பாட்டு இல்லை. தென்பாண்டி நாட்டுக் கோயில் ஒன்றில் இருந்த ஏட்டுக் குவியலைத் தேடி ஐயர் சென்றபோது, பழுதுபட்ட ஏடுகளை விதிப்படி நெய்யில் தோய்த்துத் தீயிலிட்டுவிட்டதாக அவருக்குச் சொல்லப்பட்டது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் சுவடிகளை ஆற்றில் விட்ட குடும்பங்களும் உண்டு. அவர்கள் ஏட்டை இகழ்ந்து அவ்வாறு செய்தாரில்லை. புனிதமான பொருளாக எண்ணியே தீக்கும் நீருக்கும் அளித்தனர். படிக்கத் தெரியாதவர் செய்யக்கூடிய மரியாதை அதுதான். சரசுவதி பூசையன்று கண்ணாடி அலமாரிக்கு நாம் செய்யும் மரியாதையும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

இன்று எழுத்து அழியும் என்ற அச்சம் நீங்கிவிட்டது. 1812இல் திருக்குறள் முதன்முதலாக அச்சேறியது. சென்ற நூற்றாண்டில் சங்க நூல்கள் பல பதிப்புக் கண்டன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களை மின்னெழுத்தில் ஏற்றி, எவரும் விலையின்றிப் பெறுமாறு செய்துவிட்டனர். 2004இல் இந்திய அரசு தமிழைச் செம்மொழி என அறிவித்தது. முற்காலத்தில் ஒரு சுவடிக்காக மாட்டுவண்டியில் ஊர் ஊராக அலைந்தனர். இன்று நம் வீட்டுப் பிள்ளையின் கைப்பேசிக்குள் சங்க இலக்கியம் முழுவதும் அடங்கிவிடுகிறது. ஆனால் பொருள் இன்னும் மனிதர் வாயிலாகவே மனிதரிடம் செல்ல வேண்டியிருக்கிறது. தேவநாகரியில் எழுதிய அந்தக் காகிதம் நமக்கு உணர்த்துவது அதுவே.

பன்னிரண்டு வேண்டா, ஒன்று போதும்

முன்னோர் வாசிப்பில் மூன்று இயல்புகளைக் காண்கிறோம். ஒரு காலத்தில் ஒரு நூலையே எடுத்துக்கொண்டனர். வாசிப்பவர் ஒருவரும் பயன் சொல்பவர் ஒருவருமாக வேலையைப் பகிர்ந்துகொண்டனர். முடித்த நாளை விழாவாகக் கொண்டாடினர். நம் பழைய திட்டத்தில் இம்மூன்றும் இல்லை. பன்னிரு நூல்களை ஒருங்கே விரும்பினோம். ஒருவரே சொற்பொழிவாற்ற மற்றவர் வாளாவிருந்தனர். முடிவு என்பது கண்ணுக்கு எட்டவே இல்லை. இலக்கணத்தில் தொடங்கியதோ, சமையலறையைக் காட்டாமல் விருந்தினரை விறகுக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்றது போலாயிற்று.

ஆகவே வரும் ஆண்டுக்கு ஒரே நூலைப் பரிந்துரைக்கிறோம். அது சிலப்பதிகாரம்.

ஏன் அந்நூல் என்று கேட்கலாம். முதலாவது, அதன் அளவு நமக்குப் பொருந்துகிறது. புகார்க் காண்டத்தில் 10, மதுரைக் காண்டத்தில் 13, வஞ்சிக் காண்டத்தில் 7 என, பதிகம் நீங்கலாக 30 உறுப்புகள் உடையது அது. ஆண்டுக்கு 52 ஞாயிறுகள். முப்பதை வாசிப்புக்குக் கொண்டால், எஞ்சிய 22 ஞாயிறுகளைத் தேர்வுக்கும் பண்டிகைக்கும் ஊர்ப்பயணத்துக்கும் விட்டுவிடலாம். நூல் முழுவதும் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்டது. ஓர் அமர்வுக்குச் சராசரி ஏறத்தாழ 170 அடி. வாய்விட்டு நிறுத்தி வாசித்தால் அரைமணி. பயன் சொல்ல அரைமணி. ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க இயலாத குடும்பம் நம் காலனியில் இல்லை என்று நம்புகிறோம்.

இரண்டாவது, அது நம்மைப் போன்றவர் கதை. பிறந்த ஊரில் பொருள் இழந்து, வேற்றூரில் வாணிகம் செய்து பிழைக்கலாம் என்று விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்பட்ட கணவனும் மனைவியும் அதில் வருகின்றனர். தெரியாத நகரின் புறஞ்சேரியில் தங்கி, ஆயர் மூதாட்டி மாதரியின் வீட்டில் அடைக்கலம் புகுகின்றனர். புதிய ஊரில் முதன்முதல் அடுப்பு மூட்டிய நாளை மறவாத தாய்மார்க்குக் கண்ணகி சமைத்துப் பரிமாறும் பகுதியை விளக்க வேறு உரையாசிரியர் வேண்டியதில்லை. வஞ்சிக் காண்டத்திலோ சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குச் சிலை சமைக்க இமயத்துக் கல்லை வேண்டி வடபுலம் வந்து, கங்கையில் அக்கல்லை நீர்ப்படை செய்து மீள்கிறான். நாம் நீராடும் கங்கையே அது. நம் பிள்ளைகளுக்கு வைகையும் காவிரியும் கேள்வி மட்டுமே. கங்கையோ கண்ணால் கண்ட ஆறு. தாங்கள் அறிந்த ஆறு தமிழ்க் காப்பியத்தில் ஓடுவதைக் காணும்போது அந்நூல் தங்களுக்கும் உரியது என்று உணர்வர்.

மூன்றாவது, சமயப் பிணக்குக்கு அங்கே இடமில்லை. சமணத் துறவி கவுந்தியடிகளும் கொற்றவையைப் பாடும் வேட்டுவரும் மாயோனைப் பாடும் ஆய்ச்சியரும் முருகனைப் பாடும் குன்றவரும் அதில் ஒருங்கே வருகின்றனர். எல்லாச் சமயத்தாரும் உறுப்பினராக உள்ள நம் சங்கத்துக்கு இது பெரும் நன்மை.

திட்டத்தின் ஒழுங்கு

பள்ளிகள் கோடை விடுமுறைக்குப் பின் திறக்கும் ஜூலைத் திங்களின் முதல் ஞாயிறன்று தொடங்கலாம். செப்டம்பர் நடுவில் புகார்க் காண்டம் முடிந்துவிடும். நவராத்திரிக்கும் தீபாவளிக்குமாக நான்கு வாரம் விட்டு, மதுரைக் காண்டத்தைப் பொங்கலை ஒட்டி முடிக்கலாம். அதன்பின் பொதுத்தேர்வு முடியும்வரை பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஓய்வு. ஏப்ரல் முதல் மே நடுவரை ஏழு ஞாயிறுகளில் வஞ்சிக் காண்டம். கோடைக்கு ஊருக்குச் செல்லும் பெட்டிகளைக் கட்டுமுன் பூர்த்தி விழா. இடையே எந்த வாரமேனும் தவறினால் வருந்த வேண்டா. ஓய்வு வாரங்களில் ஒன்றை எடுத்து ஈடு செய்யலாம்.

அமர்வுகள் சங்க மண்டபத்தில் வேண்டா. முறை வைத்து வீடுகளில் நடக்கட்டும். நெல்லையில் டி. கே. சிதம்பரநாத முதலியார் தம் வீட்டு முற்றத்தில் அன்பர்களைக் கூட்டிக் கம்பனை அனுபவித்த வட்டத்தொட்டி, எந்த மேடைச் சொற்பொழிவுக்கும் குறைந்ததன்று. வீட்டுக் கூடத்தில் குழந்தை அழலாம். பாட்டி இடைமறித்து ஐயம் கேட்கலாம். மேடையில் அது இயலாது. ஒரு தட்டுச் சுண்டலுக்கு மேல் எவ்வீட்டாரும் செலவு செய்யலாகாது என்பதையும் இப்போதே விதியாக்கி விடுகிறோம். சென்ற முறை சிற்றுண்டிப் போட்டியும் கூட்டம் குறைந்ததற்கு ஒரு காரணம் என்று சகோதரிகள் சிலர் நம்மிடம் வெளிப்படையாகச் சொன்னார்கள்.

ஒவ்வொரு காதைக்கும் வாசிப்பவர் ஒருவர், பயன் சொல்பவர் ஒருவர் என முன்கூட்டியே பெயர் குறித்துவிட வேண்டும். பயன் சொல்பவர் புலவராக இருக்க வேண்டியதில்லை. ந. மு. வேங்கடசாமி நாட்டாரின் உரையை வைத்துக்கொண்டு இரண்டு மாலைகள் முயன்றால் யாரும் ஒரு காதைக்குப் பயன் சொல்லலாம். அரங்கேற்று காதை இசையும் கூத்தும் நிறைந்தது. உரைகாரரையே வியர்க்க வைப்பது. அதை வீணையும் பரதமும் பயின்ற நம் சகோதரிகளிடம் ஒப்படைப்போம். வழக்குரை காதையை வழக்கறிஞர் ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும். கானல் வரியையும் ஆய்ச்சியர் குரவையையும் குன்றக் குரவையையும் பாட வேண்டுமேயன்றி வாசிக்கலாகாது. விளங்காத இடத்தை விளங்கவில்லை என்று ஒப்புக்கொண்டு மேற்செல்வதில் இழுக்கில்லை. சிந்தாமணியைப் பதிப்பித்த பெரியாரே சமணர் வீதிக்குச் சென்று கேட்டார் அல்லரோ?

பிள்ளைகளைப் பற்றியே நமக்குக் கவலை அதிகம். ஆகவே அவர்களுக்கென ஒரே ஒரு விதி செய்கிறோம். ஒவ்வோர் அமர்விலும் முதல் பத்து அடிகளைப் பிள்ளை ஒருவர் வாசிக்க வேண்டும். தமிழ் எழுத்தில் அச்சிட்ட தாளைப் பார்த்தே வாசிக்க வேண்டும். தடுமாறினால் எவரும் நகைக்கலாகாது. அடியெடுத்துக் கொடுக்க அவர் தாயோ தந்தையோ பக்கத்தில் இருக்கட்டும். வாரம் பத்து அடிக்காக எழுத்துக் கூட்டத் தொடங்கும் பிள்ளை, வஞ்சிக் காண்டத்துக்கு வரும்போது தானே படிக்கத் தொடங்கிவிடும் என்பது நம் நம்பிக்கை. புகார்க் காண்டம் முடிவதற்குள் கூட்டம் நால்வராகக் குறைந்தாலும், அந்த நால்வரில் ஒரு பிள்ளை இருக்குமாயின் வாசிப்பை நிறுத்துவதில்லை என்றும் உறுதி கொள்கிறோம்.

மதுரையில் 1901இல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் கண்டார். கரந்தையில் 1911இல் ஒரு சங்கம் எழுந்தது. காரைக்குடியில் 1939இல் கம்பன் கழகம் பிறந்தது. அவை தமிழ் நிலத்தில் வேரூன்றிய ஆலமரங்கள். நம்முடையது தொட்டியில் வைத்த துளசிச் செடி. மழை வந்து நனைக்கும் என்று அதை விட்டுவிட முடியாது. நாள்தோறும் ஒரு செம்பு நீர் நாமே வார்க்க வேண்டும்.

அடுத்த மே திங்களில், வரந்தரு காதை முடியும் ஞாயிறன்று, அது யார் வீட்டு முறையோ அவ்வீட்டு வாயிலில் பெரிய கோலம் இட வேண்டும்; மாவிலைத் தோரணம் கட்ட வேண்டும். இங்கே மாவிலைக்குப் பஞ்சமில்லை. அவ்வழியே செல்லும் அண்டை வீட்டார், வடநாட்டு அன்பர் எவரேனும் நின்று, இன்று உங்களுக்கு என்ன பண்டிகை என்று கேட்பர். அப்போது அவ்வீட்டுப் பிள்ளை வாயிலுக்கு வந்து, ‘எங்கள் சிலப்பதிகாரம் இன்று முடிந்தது’ என்று அவர் மொழியிலேயே விடை சொல்லட்டும்.

முதற் காதையாகிய மங்கல வாழ்த்துப் பாடல் எழுபது அடியைத் தாண்டாதது. அதை வாசிக்கவும் பயன் சொல்லவும் விரும்புவோர் தம் பெயரைச் சங்கச் செயலாளரிடம் விழா நாளன்றே பதிவு செய்துகொள்ள வேண்டுகிறோம். அலமாரியின் சாவி அன்று முதல் பூட்டிலேயே இருக்கும்.